சூரியன் மறைவதற்கு முன்: தொலைநோக்கிக் கேமராவை இரவுக்கு ஆயத்தப்படுத்துதல்

முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜனவரியில் 1 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் மூன்று இரவுகள் கிடைத்திருக்கின்றன, 12-ஆம் பொலிவுத்தரத்தில் (விண்மீன் ஒளியின் அளவுகோல்) உள்ள ஒரு மறைப்பு இரட்டை விண்மீனின், அதாவது ஒன்றையொன்று மாறி மாறி மறைக்கும் இரு விண்மீன்களின், ஒளிமாற்றத்தை அளக்க வேண்டும், திரவ நைட்ரஜனால் குளிரூட்டப்படும் சிசிடி (ஒளியை மின்னூட்டமாகப் பதியும் சில்லு) கேமராவை இதுவரை தொட்டதில்லை, மாலையில் எத்தனை மணிக்குப் போனால் போதும், அதை எப்படி ஆயத்தப்படுத்துவது?

மாலையில் போகாதீர்கள், நண்பகலிலேயே போய்விடுங்கள். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளக்கப்போகும் ஒளிமாற்றத்தில் 0.01 பொலிவுத்தரம் என்பது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அந்த ஒரு விழுக்காடு விண்மீனுடையதா, கேமராவுடையதா என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் பயாஸ் (பூஜ்ஜிய நொடிப் பதிவு), டார்க் (ஷட்டரை மூடி எடுக்கும் நீண்ட பதிவு), பிளாட் (சமமான வெளிச்சத்தின் பதிவு) என்னும் திருத்தப் பதிவுகளை எடுக்கிறோம். அவை அனைத்தும் ஒரே ஒரு அனுமானத்தின்மேல் நிற்கின்றன: அந்தி வானத்தைப் பதிந்த கேமராவும் நள்ளிரவில் விண்மீனைப் பதிந்த கேமராவும் வெப்பநிலையிலும், திருப்பிவைத்த கோணத்திலும், கண்ணாடிமேல் இருக்கும் தூசியிலும்கூட மாறாமல் ஒன்றாகவே இருந்தன என்பதே அது. இந்த அனுமானம் பொய்த்துவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சீர்செய்ய முடியாது. ஆகவே கேமராவை ஓர் உறுதியான நிலைக்குக் கொண்டுவந்து, விடியும்வரை அதை அந்த நிலையிலேயே வைத்திருப்பதுதான் ஆயத்தம் என்பதன் பொருள்.

எண்கள் வேண்டிய இடத்தில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1972-இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கியும், 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இருக்கின்றன. உங்கள் கேமராவின் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்கிடும் முறை மாறாது.

குளிரூட்டலில் தொடங்குவோம். சிசிடி சில்லில் ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டுத் தேங்குகின்றன. இந்த இருட்டோட்டம் ஒவ்வொரு 6 அல்லது 7 டிகிரி செல்சியஸ் குறைவுக்கும் ஏறத்தாழப் பாதியாகிறது. மைனஸ் 100 டிகிரியை நெருங்கும்போது நல்ல சில்லில் ஒரு பிக்சலுக்கு ஒரு மணி நேரத்தில் சில எலக்ட்ரான்களே சேரும் அளவுக்கு அது அடங்கிவிடும். அப்படியானால் இன்னும் குளிர்வித்தால் என்ன என்று தோன்றலாம். அளவுக்கு மீறிக் குளிர்ந்த சில்லு சிவப்பு ஒளியை உணரும் திறனை இழக்கிறது; மின்னூட்டத்தை ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்குக் கடத்துவதிலும் தடுமாறுகிறது. அதனால்தான் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் நைட்ரஜனைச் சில்லுக்கு நேரடியாகத் தொடுக்காமல், இடையில் ஒரு சிறு ஹீட்டரை வைத்து, மைனஸ் 100 முதல் மைனஸ் 120 வரையிலான ஒரு குறித்த வெப்பநிலையில் நிறுத்துகிறார்கள். அந்த எண் எது என்பதை ஆய்வகப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக அதை மாற்றாதீர்கள்.

நைட்ரஜன் ஊற்றுவதற்கு முன் தேவார் குடுவையின் (சில்லையும் நைட்ரஜனையும் தாங்கும் வெற்றிடக் குடுவை) வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். சில்லைச் சுற்றி வெற்றிடம் இருப்பதால்தான் வெளிவெப்பம் உள்ளே கடப்பதில்லை, ஈரம் சில்லின்மேல் பனியாக உறைவதும் இல்லை. பல வாரங்கள் வைத்திருந்த குடுவையில் உள்ளுறுப்புகளிலிருந்தே சிறுகச் சிறுக வாயு கசிந்து வெற்றிடம் கெட்டுப்போயிருக்கும். பம்பை இணைத்து வெற்றிடமாக்கும் வேலையைக் குடுவை அறை வெப்பநிலையில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். குளிர்ந்திருக்கும்போது வால்வைத் திறந்தால், உள்ளே நுழையும் ஈரம் முழுவதும் சில்லின்மேல் போய் உட்காரும். பம்புக் குழாயை முதலில் வெற்றிடமாக்கிவிட்டு அதன் பிறகே குடுவையின் வால்வைத் திறப்பது என்ற வரிசையும் முக்கியமானது. முதல் தடவை இதைப் பொறியாளர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதே சரி. வெற்றிடம் போதவில்லை என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு: நைட்ரஜன் ஊற்றிய பிறகு குடுவையின் வெளிப்புறம் சில்லென்று வியர்க்கும், நைட்ரஜனும் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்துபோகும்.

நைட்ரஜனைக் கையாளும்போது அவசரம் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய சிற்றறையில் அது ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். மயக்கம் வருவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. கதவைத் திறந்து வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கையுறை சட்டென்று கழற்றக்கூடிய அளவுக்குத் தொளதொளப்பாக இருக்கட்டும். செருப்புப் போட்டுக்கொண்டு ஊற்றாதீர்கள். மூடிய காலணி வேண்டும், கால்சட்டையின் விளிம்பு காலணிக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகியிருக்கக் கூடாது. முதலில் ஊற்றும் திரவம் சூடான பாத்திரத்தில் பட்டுச் சீறிக் கொதிக்கும். அது அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றி, நிறைந்த பிறகு அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள், பாதி குறைந்திருக்கும். மறுபடி நிரப்புங்கள். சில்லு தன் வெப்பநிலையை அடைந்து நிலைப்பதற்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். ஜனவரியில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைகிறது; நண்பகலில் வரச் சொன்னது இதற்காகத்தான். சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு கடைசியாக ஒரு முறை நிரப்பிவிட்டால், நல்ல குடுவை விடியும்வரை தாங்கும். (விசிறியோடு கூடிய சிறிய மின்குளிர்ப்புக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாலையில் குளிர்ப்பான் முழுத்திறனில் இயங்கியே எட்டக்கூடிய வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சற்று உயர்ந்ததாக இருந்தாலும் இரவு முழுவதும் அசையாமல் நிற்கும் வெப்பநிலையே மேல்.)

சில்லு குளிர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் மற்ற வேலைகளைப் பாருங்கள். கேமராவின் கண்ணாடிச் சாளரத்தையும் நிற வடிகட்டிகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்து, தூசி இருந்தால் ரப்பர் ஊதுகுமிழால் மட்டும் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். போகாத தூசி போகாமலே இருக்கட்டும், இரவில் இடம் மாறாமல் இருந்தால் பிளாட் அதைத் திருத்திவிடும். படத்தில் தெரியும் தூசி வளையம் எந்தக் கண்ணாடியில் உள்ளது என்பதையும் கணக்கிட முடியும். வளையத்தின் விட்டத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்த எண்) பெருக்கினால், சில்லிலிருந்து தூசி இருக்கும் தூரம் வந்துவிடும். எஃப் 13 தொலைநோக்கியில், 24 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில், வளையம் 50 பிக்சல் அகலம் என்று வையுங்கள்: 1.2 மில்லிமீட்டர் பெருக்கல் 13, சுமார் 16 மில்லிமீட்டர். அது சாளரக் கண்ணாடியில் இருக்கும் தூசி. அதே வளையம் 200 பிக்சல் இருந்தால் தூசி வடிகட்டியில் இருக்கிறது என்று எண்ணலாம். ஒரு வடிகட்டியில் மட்டும் தெரிகிறதா, எல்லாவற்றிலும் தெரிகிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

கேமராவைத் தொலைநோக்கியில் பூட்டும்போது கேபிள்களுக்கு வேண்டிய தளர்வு விட்டுக் கட்டுங்கள். தொலைநோக்கியைக் கிழக்கு, மேற்கு, தெற்கு எல்லைகள்வரை மெதுவாக நகர்த்தி, எங்கும் இழுபடவில்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எந்தச் சாய்வில் குடுவையிலிருந்து நைட்ரஜன் சிந்தும் என்பதையும் அப்போதே கவனியுங்கள். நிரம்பிய குடுவையின் எடையோடு தொலைநோக்கியைச் சமன்செய்ய வேண்டும். வெறுங்குடுவையோடு சமன்செய்தது போதாது.

இனிச் சோதனைப் பதிவுகள். முதலில் ஷட்டரை மூடி, பூஜ்ஜிய நொடிப் பதிவுகளாக 20 பயாஸ் எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு பயாஸ்களைக் கழித்து, மிச்சத்தின் திட்டவிலக்கத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வாசிப்பு இரைச்சல் (படத்தை வாசிக்கும்போது மின்னணுப் பகுதி சேர்க்கும் ஏற்ற இறக்கம்) கவுண்ட் அளவில், அதாவது பிக்சலுக்குக் கேமரா தரும் எண்ணின் அளவில், கிடைக்கும். பதிவேட்டைப் புரட்டி முந்தைய மாதங்களில் பிறர் எழுதிவைத்த எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் மின்னணுப் பகுதி நலமாக இருக்கிறது. கூடுதலாக இருந்து, படத்தில் குறுக்குக் கோடுகளோ அலை அலையான சாய்கோடுகளோ தெரிந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எங்கிருந்தோ கலக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி, வேறொரு பிளக்கில் செருகப்பட்ட மடிக்கணினியின் சார்ஜர்தான். கேமரா, கணினி எல்லாவற்றையும் ஒரே எர்த் இணைப்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். குவிமாடத்தைச் சுழற்றும் மோட்டாரை ஓடவிட்டும் ஒரு பயாஸ் எடுத்துப் பாருங்கள். அதில் இரைச்சல் கூடினால், படம் வாசிக்கப்படும்போது மோட்டாரை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து, ஒளிக்கசிவு. ஷட்டரை மூடி, குவிமாட விளக்குகள் எரியும்போது ஒரு 10 நிமிட டார்க்கும், அணைத்துவிட்டு ஒரு 10 நிமிட டார்க்கும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருக்கக் கூடாது. இருந்தால் வடிகட்டிச் சக்கரத்தின் மூடியையும் கருவிகளில் மினுக்கும் சிறு காட்டிவிளக்குகளையும் கறுப்பு நாடாவால் ஒட்டி மூடுங்கள்.

நேர்கோட்டுத்தன்மையை முதல் நாளிலேயே சோதித்துக்கொள்வது நல்லது. மாறாத வெளிச்சமுள்ள ஒரு சிறு விளக்கைக் குவிமாடத் திரையில் விழச்செய்து 2, 4, 8, 16, 32 நொடிகள் என்று பதிந்து, பிறகு அதே வரிசையில் இறங்கி வாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண் வந்தால் விளக்கு நிலையாக இருந்தது என்று தெரியும். அதன் பிறகு, நேரம் இரட்டிக்கும்போது கவுண்டும் இரட்டிக்கிறதா என்று பாருங்கள். 16 பிட் கேமராவில் உச்ச எண் 65,535 என்பதால் 60,000 வரை நம்பலாம் என்று நினைப்பது பிழை. சில்லு அதற்கு வெகு முன்பே நேர்கோட்டிலிருந்து விலகி வளையத் தொடங்கலாம். சோதித்துப் பார்க்காத கேமராவில் விண்மீனின் உச்சப் பிக்சலை 40,000-க்குக் கீழே வைத்துக்கொள்வது என் வழக்கம். மிகக் குறுகிய பதிவு நேரங்களையும் தவிர்த்துவிடுங்கள். கண்மணிபோல் விரியும் ஷட்டர் நடுவில் முதலில் திறந்து கடைசியில் மூடுவதால், ஒரு நொடிப் பதிவில் நடுப்பகுதி மூலைகளைவிட அதிக நேரம் ஒளி பெறும். ஐந்து நொடிக்கு மேல் போனால் அந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் குறைந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மறைப்பு இரட்டை விண்மீனில் நீங்கள் வெளியிடப்போகும் முதன்மையான எண்ணே ஒளி மிகக் குறைந்திருந்த நேரம்தான். கேமராக் கணினியை ஜிபிஎஸ் கடிகாரத்தோடு பொருத்துங்கள். கோப்பின் தலைப்பில் எழுதப்படுவது உலகப் பொதுநேரமா, அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலான இந்திய நேரமா, அது பதிவு தொடங்கிய நேரமா, முடிந்த நேரமா என்று ஒரு சோதனைப் படம் எடுத்துக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு அறியுங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஓர் ஆய்வகத்தில் நான்கு இரவுகள் எடுத்த தரவில் கணினிக் கடிகாரம் 40 நொடி பிந்தியிருந்தது. ஆறு மாதம் கழித்து, விண்மீனின் சுற்றுக்காலம் மாறிவிட்டதாக ஒரு வரைபடம் வரைந்து ஆசிரியரிடம் கொண்டுபோன பிறகுதான் அது தெரிந்தது. மாலையில் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் அந்த நான்கு இரவுகளும் பயன்பட்டிருக்கும். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான். துல்லியமான நேரம் எதைத் தரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு: 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, கோள் நெருங்கும் முன்பே அந்த விண்மீன் சில நொடிகள் மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிந்தது. அமெரிக்காவின் கைப்பர் வான்வழி ஆய்வகம் உட்பட வெவ்வேறு இடங்களில் பதிந்த மங்கல்களின் நேரங்களை ஒப்பிட முடிந்ததனால்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உறுதிப்பட்டது.

சூரியன் மறைய அரை மணி நேரம் இருக்கும்போது சில்லின் வெப்பநிலை நிலைத்திருக்க வேண்டும், கேமராவின் கோணமும் முடிவாகியிருக்க வேண்டும். கோணத்தைச் சரிபார்க்க ஒரு விண்மீன் வேண்டும். ஆகவே முதல் நாள் மட்டும் அந்திப் பதிவுகளைக் கைவிட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டியிருக்கும், பிளாட்டை அந்த இரவு முடியும் விடியலில் எடுத்துக்கொள்ளலாம். வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் அமையும் வட்டம்) அருகே உள்ள ஒரு விண்மீனை மையத்தில் நிறுத்தி, தொடரும் மோட்டாரை அணைத்துவிட்டுப் பதிவு செய்தால், அது நொடிக்கு 15 விகலை வேகத்தில் கிழக்கு மேற்காகக் கோடிழுத்துச் செல்லும். (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு.) அந்தக் கோடு பிக்சல் வரிசைக்கு இணையாகும்வரை கேமராவைத் திருப்பிப் பூட்டிவிடுங்கள். அதன்பின் மூன்று இரவுகளும் அந்தத் திருகுகளை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அதுவரை எடுத்த பிளாட்டுகள் பயனற்றுப்போகும்.

இரண்டாம் நாளிலிருந்து அந்தி வானப் பிளாட்டுகள். நம் ஊர் அட்சரேகையில் இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதை மேலை நாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. பன்னிரண்டரைப் பாகை அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. தொடுவானத்திற்கு 18 பாகை கீழே போக ஒன்றே கால் மணி நேரம் போதும். 50 பாகை அட்சரேகையில் இதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பிளாட்டுக்கு உகந்த வெளிச்சம் இருப்பது அதில் ஒரு சிறு பகுதியில்தான். சுமார் 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எனவே வடிகட்டிகளின் வரிசையை முன்னதாகவே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வானம் வெளிச்சமாக இருக்கும்போதே சில்லு குறைவாக உணரும் யு (புறஊதா), பி (நீலம்) வடிகட்டிகளில் தொடங்கி, இருட்ட இருட்ட வி (பச்சை-மஞ்சள்), ஆர் (சிவப்பு) வடிகட்டிகளுக்கு வர வேண்டும். விடியலில் இது தலைகீழ். தொலைநோக்கியை உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டால், வானொளி படம் முழுவதும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் இடையே தொலைநோக்கியைச் சில பத்து விகலை நகர்த்துங்கள். பதிவுகளை இடைநிலை மதிப்பால் இணைக்கும்போது, இடம் மாறிய விண்மீன்கள் மறைந்துவிடும்.

எத்தனை பிளாட் வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஒரு பிக்சலில் 40,000 எலக்ட்ரான் சேர்ந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 200, அதாவது அரை விழுக்காடு. அத்தகைய 25 பதிவுகளைச் சேர்த்தால் பத்து லட்சம் எலக்ட்ரான். ஏற்ற இறக்கம் 0.1 விழுக்காடாகிவிடும். ஒரே அந்தியில் எல்லா வடிகட்டிக்கும் 25 கிடைக்காது. காலையும் மாலையுமாக மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளலாம். கேமராவை யாரும் அசைக்காதிருந்தால்தான் அப்படிச் சேர்க்க முடியும்.

குவியத்தை ஒரு முறை சரிசெய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் குவியத்தூரம் சுமார் 7.6 மீட்டர், எஃப் எண் 3.25. அந்த நீளமுள்ள எஃகுச் சட்டம் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் சுருங்கும். அதை 3.25-ஆல் வகுத்தால் படத்தில் 0.028 மில்லிமீட்டர் மங்கல். வானத்தில் அது முக்கால் விகலை. மலைமேல் ஜனவரி இரவில் வெப்பநிலை பல டிகிரி இறங்கும். ஆகவே குவிமாடத்தைப் பிற்பகலின் முடிவிலேயே, வெயில் கண்ணாடியில் படாத பக்கமாகத் திறந்துவைத்துச் சட்டத்தை ஆறவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மணி நேரமும் விண்மீனின் அகலத்தை அளந்து, அது தொடர்ந்து கூடினால் குவியத்தைத் திருத்துங்கள்.

நள்ளிரவுக்குப் பின் ஈரம் ஏறும். படத்தில் எல்லா விண்மீன்களும் ஒரே சமயத்தில் சிறிது சிறிதாக மங்கினால் மேகம் என்று முடிவு கட்டுவதற்கு முன், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ச் சாளரக் கண்ணாடியைப் பாருங்கள். பனி படிந்திருந்தால் உலர்ந்த நைட்ரஜன் வாயுவை மென்மையாகச் செலுத்த வேண்டும். சில இடங்களில் குடுவையிலிருந்து ஆவியாகி வெளியேறும் வாயுவையே ஒரு சிறு குழாய் வழியே சாளரத்தின்மேல் விடும்படி அமைத்திருப்பார்கள். காவலூரில் நல்ல வானம் கிடைக்கும் பருவமே ஜனவரியில்தான் தொடங்குகிறது. அப்போதும் ஈரமானியை அடிக்கடி பாருங்கள்.

விடியலில் பிளாட்டுகளை முடித்துவிட்டு இன்னொரு 20 பயாஸ் எடுங்கள். மாலை எடுத்தவற்றோடு அவை ஒத்துப்போனால் இரவு முழுவதும் கேமரா மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2048 க்கு 2048 பிக்சல் கொண்ட படம் ஒன்று 8 மெகாபைட்டுக்குச் சற்று அதிகம்; 400 படங்கள் ஏறக்குறைய 3.4 ஜிகாபைட். தூங்கப் போகுமுன் இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள், நைட்ரஜனையும் நிரப்பிவிடுங்கள். அடுத்த இரவு உண்டென்றால் கேமரா பகலிலும் குளிர்ந்தே இருக்க வேண்டும். மூன்றாம் இரவு முடிந்த காலையில் மட்டும் நிரப்பாமல் விட்டு, குடுவை தானாகவே அறை வெப்பநிலைக்கு வர விடுங்கள்; விரைவுபடுத்த எதையும் செய்யாதீர்கள். குடுவையின் உள்ளே குளிரில் வாயுவை உறிஞ்சுவதற்காக வைத்திருக்கும் கரித்தூள் சூடாகும்போது அதை வெளியே விட்டுவிடும். ஆகவே அடுத்து வருகிறவர் மறுபடி பம்பு செய்தாக வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி, கடைசியாக நைட்ரஜன் ஊற்றிய நேரத்தையும் உங்கள் பயாஸின் சராசரியையும் வாசிப்பு இரைச்சலையும் அதன் கீழே குறித்துவிட்டு வாருங்கள்.